டயாலிசிஸ் பண்ற அப்பாவை வெள்ள நேரத்துல எங்க வெச்சுக்கறது? வாசகர் கேள்விக்கு டாக்டர் பதில்

தாம்பரத்தை தாண்டி முடிச்சூர் பக்கம் சொந்த வீட்ல இருக்கற ஒரு வாசகர் நீளமா கடிதம் எழுதியிருக்கார். பேர், தெரு எதுவும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன்.

அவருக்கு 41 வயசு, ஒரகடத்துல வேலை. வீட்ல மனைவி, ஏழாவது படிக்கற பொண்ணு, முட்டி வலியோட அம்மா, அப்புறம் 69 வயசு அப்பா. அப்பாவுக்கு சுகரால கிட்னி போய் மூணு வருஷத்துக்கு மேல டயாலிசிஸ், செவ்வாய், வியாழன், சனி, குரோம்பேட்டைல ஒரு சென்டர்ல. வீடு அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல கட்டினது. 2015 வெள்ளத்துல இடுப்புக்கு மேல தண்ணி நின்னுச்சு, அதுக்கப்புறம் தரையை உசத்தி மாடில ஒரு ரூம் போட்டாங்க. 2023 மிக்ஜாம் புயலப்போ தண்ணி வாசப்படியோட நின்னுடுச்சு, உள்ள வரல, ஆனா தெருவுல மூணு நாள் வடியல. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிச்ச அப்பாவால செவ்வாய் போக முடியல, வியாழக்கிழமை டிராக்டர் பிடிச்சு கூட்டிட்டு போறப்போ மூச்சு வாங்கி படுக்கவே முடியாம இருந்தார். இந்த வருஷம் என்ன பண்றதுன்னு மூணு வழி எழுதியிருக்கார். ஒண்ணு, மாடி ரூம்ல எல்லாம் வாங்கி வெச்சுட்டு அங்கயே இருக்கறது, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப் போறாங்கன்னு நியூஸ் வந்தா மட்டும் கிளம்பறது. ரெண்டு, பெரும்பாக்கம் பக்கம் அண்ணனோட 11வது மாடி ஃபிளாட். மூணு, கடலூர் மாவட்டத்துல தென்பெண்ணை ஓரமா இருக்கற ஊரு வீடு. நடுவுல ஒரே ஒரு வரி, "குரோம்பேட்டைல என் மாமனார் வீடு முதல் மாடி, சென்டருக்கு நடந்தா பத்து நிமிஷம்தான், ஆனா சம்பந்தி வீட்ல போய் தங்க அப்பா சாகற வரை ஒத்துக்க மாட்டார், அதனால அதை விட்டுடலாம்." அப்பாவை வலுக்கட்டாயமா கூட்டிட்டு போனா தப்பா, வீட்டையே வித்துட்டு போயிடலாமான்னும் கேட்டிருக்கார்.

தம்பி, உங்க கடிதத்துல நான் ரெண்டு தடவை நிறுத்தி படிச்ச இடம் அந்த சனி, செவ்வாய், வியாழன் கணக்கு. "மிக்ஜாம்ல வீட்டுக்குள்ள தண்ணி வரல, அதனால இப்போ வீடு சேஃப்"னு நீங்க எழுதியிருக்கீங்க. வீடு தப்பிச்சது உண்மை, அப்பா தப்பிச்சது மயிரிழைல. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் பண்றவங்களுக்கு சனிலேர்ந்து செவ்வாய் வரைக்கும் வர்ற அந்த பெரிய இடைவெளியே மத்த நாளை விட ஆபத்து அதிகமான நேரம், அதனாலதான் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுல கூட கவனமா இருக்க சொல்றோம். அன்னைக்கு அது அஞ்சு நாளா ஆயிடுச்சு. அஞ்சு நாள்ல உடம்புல சேர்ற தண்ணி நுரையீரல்ல ஏறும், அதனாலதான் அவரால படுக்க முடியல. கிட்னி வெளியேத்த வேண்டிய பொட்டாசியம்ங்கற உப்பு ரத்தத்துல ஏறினா அதை விட மோசம், முன்கூட்டி வலியோ காய்ச்சலோ பெருசா எதுவும் காட்டாம இதயத் துடிப்பு தாறுமாறா போய் நின்னுடலாம்.

அதனால மத்த குடும்பங்களுக்கு எந்த இடத்துல தண்ணி ஏறாதுங்கறது முதல் கேள்வியா இருக்கலாம், உங்களுக்கு அது ரெண்டாவது கேள்வி. எந்த இடத்துல இருந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அப்பாவை மெஷின்ல படுக்க வைக்க முடியும்ங்கறதுதான் முதல் கேள்வி. நீங்க எழுதின ஒவ்வொரு இடத்தையும் இதை வெச்சு பார்ப்போம்.

மாடி ரூமும் செம்பரம்பாக்கம் நியூஸும்

இதுல ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, உங்க ஏரியால நிறைய பேருக்கு இருக்கு. செம்பரம்பாக்கத்துல திறக்கற உபரி தண்ணி குன்றத்தூர் வழியா வந்து திருநீர்மலை கிட்ட அடையாறுல சேருது. நீங்க இருக்கறது அதுக்கு மேல்பக்கம், அதாவது ஆறு அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி. உங்க தெருவுக்கு வர்ற தண்ணி பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வர்றது, அதுக்கு மேல உங்க தலைமேல பெய்யற மழை. 2015 டிசம்பர் 1ம் தேதியை ஒட்டி தாம்பரத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 49 செ.மீ பெஞ்சுது, அப்படி ஒரு மழைக்கு எந்த ஷட்டரும் திறக்கணும்னு அவசியம் இல்ல. செம்பரம்பாக்கம் நியூஸ் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு ரொம்ப முக்கியம். நீங்க அதுக்காக டிவி முன்னாடி காத்திருந்தா, அது வர்றதுக்குள்ள முடிச்சூர் ரோடு போயிருக்கும்.

மாடி ரூம் உங்களுக்கும் பொண்ணுக்கும் போதும். அரிசி, கேஸ், டார்ச், பவர் பேங்க் இருந்தா மூணு நாள் தள்ளிடலாம். அப்பாவுக்கு அதே மாடி ஒரு பொறி, ஏன்னா அங்க எவ்வளவு சாமான் அடுக்கினாலும் டயாலிசிஸை அடுக்க முடியாது.

பதினோராவது மாடி

உயரம்னா பாதுகாப்புன்னு மனசு சொல்லும், புரியுது. ஆனா பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் எல்லாம் சதுப்பு நிலத்தை ஒட்டின ஏரியா, தென்சென்னைல ஏகப்பட்ட ஏரி தண்ணி அங்க வந்து சேர்ந்துதான் ஒக்கியம் மடுவு வழியா கடலுக்கு போகணும். மிக்ஜாம்ல அந்தப் பக்கம் நிறைய அபார்ட்மென்ட்ல வீட்டுக்குள்ள சொட்டு தண்ணி இல்ல, ஆனா பேஸ்மென்ட் முழுகி, கரண்ட்டை நிறுத்தி, லிஃப்ட் நின்னு, மோட்டார் ஓடாம குடிக்க தண்ணி இல்லாம, மேல் மாடிக்காரங்க நாள்கணக்குல மாட்டிக்கிட்டாங்க. கீழ வந்தா படகுலதான் வெளிய போகணும். உங்கப்பா டயாலிசிஸ் முடிஞ்சு பிபி இறங்கி கால் நடுங்க வர்ற மனுஷன். பதினோரு மாடி அவரை சேர்ல வெச்சு நாலு பேர் இறக்கணும், திரும்ப ஏத்தணும், அதுவும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. அங்கேர்ந்து குரோம்பேட்டைக்கு வர்ற வழியும் பள்ளிக்கரணை பக்கம்தான் மாட்டும்.

அம்மாவையும் பொண்ணையும் வேணா அங்க அனுப்பலாம், அதுக்கு நல்ல இடம். குடும்பம் மொத்தமா ஒரே கூரைக்கு கீழ இருக்கணும்னு நம்ம ஆட்களுக்கு ஒரு பிடிவாதம், வெள்ளத்தப்போ அதை கொஞ்சம் தளர்த்திக்கலாம்.

ஊரு வீடு

அம்மாவுக்கு ஊருக்கு போனா நிம்மதின்னு எழுதியிருக்கீங்க. மனசுக்கு நிம்மதி, சரி. ஆனா சென்னைலதான் வெள்ளம் வரும், ஊர்ல வராதுங்கறது சரியில்ல. வங்கக் கடல்ல கிளம்பற புயலுக்கு கடலூர் மாவட்டம் நேர் வழி. 2011 டிசம்பர் 30ல தானே அங்கதான் கரையேறிச்சு. 2024ல ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்போ புதுச்சேரில ஒரே நாள்ல 48 செ.மீ, அதுக்கு அடுத்த ரெண்டே நாள்ல சாத்தனூர் அணைலேர்ந்து 1.68 லட்சம் கன அடி வரைக்கும் திறந்துவிட்டு தென்பெண்ணை கரை ஓரமெல்லாம் முழுகிச்சு. உங்க ஊரு வீடு எந்த ஆத்து ஓரம்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

வெள்ளமே இல்லாத வருஷமா இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு. புது சென்டர்ல போய் நின்னா உடனே படுக்க வைக்க மாட்டாங்க. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட் சமீபத்துல எடுத்தது வேணும், ஸ்லாட் காலியா இருக்கணும், முதலமைச்சர் காப்பீட்டுல பண்றீங்கன்னா அந்த பேப்பர் வேலை தனி. புயல் நேரத்துல இதெல்லாம் அலைஞ்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு சிட்டிங், அதாவது ரெண்டு தடவை டயாலிசிஸ், போயிடும்.

ஆஸ்பத்திரில முன்கூட்டியே அட்மிட் பண்ணிடலாமான்னு ஒரு யோசனையும் சைடுல எழுதியிருந்தீங்க. மூச்சு வாங்கல், பொட்டாசியம் ஏறியிருக்குன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். நல்லா இருக்கறவரை சும்மா பாதுகாப்புக்குன்னு வார்டுல போட்டா இன்ஃபெக்‌ஷன்தான் மிச்சம். அப்புறம் ஆஸ்பத்திரின்னா தானா சேஃப்னும் கிடையாது, 2015ல அடையாறு ஓரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளயே தண்ணி புகுந்து கரண்ட் போய் ஐசியு நோயாளிங்களை வெளிய மாத்த வேண்டியதாச்சு. கட்டடம் பெருசா இருக்கறது கணக்கில்ல, ஜெனரேட்டர் எங்க நிக்குதுங்கறதுதான் கணக்கு.

நீங்க ஒரே வரியில தள்ளிட்டு போன இடம்

என் பதில் உங்க மாமனார் வீடுதான். முதல் மாடி, சென்டருக்கு நடந்தா பத்து நிமிஷம்னு நீங்களே சொல்றீங்க. ரோட்ல முழங்கால் தண்ணி இருந்தாலும் வீல்சேர்லயோ, ரெண்டு பேர் தாங்கியோ அந்த தூரத்தை கடந்துடலாம். முடிச்சூர்லேர்ந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரை கடக்க முடியாது.

குரோம்பேட்டைனாலே சேஃப்னு நான் சொல்லல, அங்கயும் தண்ணி நிக்கற தெரு உண்டு. ஏரியா பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, தெருவை வெச்சு பண்ணுங்க. பால் போடறவர், அயர்ன் வண்டிக்காரர், மூலை மளிகைக்கடை, இவங்ககிட்ட 2015லயும் 2021லயும் 2023லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, சுவர்ல கறை காட்டுவாங்க. வீட்லேர்ந்து சென்டர் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க, நடுவுல சுரங்கப்பாதை, பள்ளம், திறந்த கால்வாய் இருந்தா வேற வழி இருக்கான்னு பாருங்க.

அதை விட முக்கியம் சென்டர்ல கேக்க வேண்டியது. ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் பண்ண நிமிஷத்துக்கு அரை லிட்டர்னு நாலு மணி நேரத்துக்கு சுமார் 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி வேணும். கரண்ட்டும் தண்ணியும் இல்லாத சென்டருக்கு பக்கத்துல இருந்து பிரயோஜனம் இல்ல. அதனால ஜெனரேட்டரும் தண்ணி சுத்திகரிக்கற ஆர்ஓ பிளான்ட்டும் பேஸ்மென்ட்ல இருக்கா மேல இருக்கா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும், தண்ணி லாரி வரலன்னா டேங்க் எவ்வளவு தாங்கும், மிக்ஜாம்ல எத்தனை நாள் மூடியிருந்தாங்க, மூடினா எந்த சென்டருக்கு அனுப்புவாங்க, இதை மேனேஜரை விட டெக்னீஷியன்கிட்ட கேளுங்க, நேரா சொல்லிடுவார். பதில் திருப்தியா இல்லன்னா ரெண்டாவதா ஒரு சென்டர்ல இப்பவே ஃபைல் போட்டு வைங்க.

அப்பாகிட்ட பேசறது

வலுக்கட்டாயமா கூட்டிட்டு போனா தப்பான்னு கேட்டீங்க. சுயநினைவோட தெளிவா இருக்கற மனுஷனை தூக்கிட்டு போக எனக்கு மனசு வராது, போனாலும் அங்க சாப்பிடாம, மாத்திரை போடாம முரண்டு பிடிப்பார். ஆனா "ஒத்துக்க மாட்டார்"ங்கறது நீங்களா போட்ட முடிவு, அவர்கிட்ட இன்னும் கேக்கவே இல்லன்னு கடிதத்தை படிச்சாலே தெரியுது. சம்பந்தி வீட்ல போய் கைநீட்டி நிக்கறோமேங்கற கூச்சம் அந்த தலைமுறைக்கு சாதாரணமானது இல்ல, அதை பிடிவாதம்னு சொல்லி ஒதுக்காதீங்க.

உங்க மாமனாரும் மாமியாரும் நேர்ல வந்து அழைக்கட்டும். போன்ல வேண்டாம், உங்க மனைவி மூலமாவும் வேண்டாம். "சம்பந்தி, மழை முடியற வரை நம்ம வீட்ல இருங்க"ன்னு அவங்க வாயால வரணும். நீங்க உங்க பங்குக்கு அரிசி, மளிகை எல்லாம் முன்னாடியே அங்க இறக்கிடுங்க, அப்பா கையாலயே கொடுக்க வைங்க. மழைக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு வராம அங்கயே ஒரு ராத்திரி தங்கி பார்க்கட்டும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, ராத்திரி எழுந்தா ஸ்விட்ச் கைக்கு எட்டுதா, படி எத்தனைன்னு அப்போதான் தெரியும். பெரியவங்க வேற வீட்டுக்கு போக மறுக்கறதுல பாதிக்கு மேல காரணம் டாய்லெட், வெளிய சொல்ல மாட்டாங்க. இவ்வளவும் பண்ணி வேண்டாம்னா, அதே தெருவுல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு சின்ன போர்ஷன் வாடகைக்கு கிடைக்குதான்னு பாருங்க, அது அவருக்கு தன் வீடு மாதிரி. அஞ்சு நாள் இடைவெளியில என்ன ஆகியிருக்கும்னு அவரோட கிட்னி டாக்டரே (நெஃப்ராலஜிஸ்ட்) அவர்கிட்ட சொல்லட்டும், நீங்க சொன்னா பையன் பயப்படறான்னு நினைப்பார்.

எப்போ கிளம்பறது

வடகிழக்கு பருவமழை சராசரியா அக்டோபர் 20 வாக்குல தொடங்கும், பெரிய அடியெல்லாம் நவம்பர், டிசம்பர் முதல் வாரம். மூணு மாசமும் அங்கயே இருக்கணும்னு இல்ல. வங்கக் கடல்ல காற்றழுத்த தாழ்வு மண்டலம் உருவாகி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னைல ஒண்ணுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே அடுத்த சிட்டிங் முடிஞ்சு நேரா மாமனார் வீடு. ரெட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். புயல் திசை மாறி மழையே பெய்யாம போனா ரெண்டு நாள் சம்பந்தி வீட்டு சாப்பாடு, அவ்வளவுதான் நஷ்டம். சென்டர்ல சொல்லி முடிஞ்சா புயலுக்கு முந்தின நாள் ஒரு சிட்டிங் கூடுதலா வாங்கப் பாருங்க, மிக்ஜாம் மாதிரி ஞாயிறு, திங்கள் அடிக்கற புயலுக்கு இது ரொம்ப முக்கியம்.

மாட்டிக்கிட்டா

எல்லாம் பண்ணியும் வீட்லயே மாட்டிக்கலாம். அப்போ வழக்கமா குடிக்கற தண்ணி அளவுல பாதி, உப்பு ரொம்ப கம்மி. சோறு, இட்லி, ரவை உப்புமா, சேமியா போதும், சுகரும் இருக்கறதால அளவா. இன்சுலின் போடறவர், சாப்பாடு குறைஞ்சா சுகர் திடீர்னு இறங்கும், கிட்னி இல்லாதவங்களுக்கு இன்சுலின் உடம்புல அதிக நேரம் நிக்கும், அதனால வெள்ள நாள்ல அளவை எப்படி மாத்தணும்னு இப்பவே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. பொட்டாசியத்தை குறைக்கற பவுடர் கைல வெச்சுக்கலாமான்னும் அப்பவே கேளுங்க, நீங்களா வாங்கி கொடுக்காதீங்க.

நிவாரணம்னு நல்ல மனசோட கொண்டுவந்து கொடுக்கறதுல சிலது உங்கப்பாவுக்கு விஷம். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சம்பழம், ஓஆர்எஸ் பவுடர், எல்லாத்துலயும் பொட்டாசியம். சோர்வா இருக்காரேன்னு யாராவது இளநீர் வெட்டிக் கொடுத்தா தடுத்துடுங்க. லோ சோடியம் உப்புன்னு கடையில விக்கறதும் வேண்டாம், அதுல பொட்டாசியம் உப்புதான் கலந்திருக்கும்.

படகுலயோ டிராக்டர்லயோ ஏத்தறப்போ இன்னொண்ணு. மீட்க வர்ற பசங்க அவசரத்துல கையைப் பிடிச்சு இழுப்பாங்க. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயை இணைச்சு வெச்சிருக்கற கையை யாரும் பிடிக்கவோ கயிறு கட்டவோ கூடாது, அந்தக் கைல ஊசி, டிரிப், பிபி எதுவும் கூடாது. சட்டைல பெருசா எழுதி பின் குத்தினாலும் சரி. வெள்ளத் தண்ணில கால் வெச்சா வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கழுவி புண் இருக்கான்னு பாருங்க, சுகர்காரருக்கு வலி தெரியாது, எலிக் காய்ச்சல் தண்ணிலேர்ந்துதான் வரும்.

படுத்தா மூச்சு முட்டுது, கால் பலம் இல்லாம துவளுது, நெஞ்சு படபடக்குதுன்னா அடுத்த சிட்டிங் வரைக்கும் பார்க்கலாம்னு இருக்காதீங்க. 108க்கு அடிச்சதும் முதல் வார்த்தையே "டயாலிசிஸ் பேஷன்ட், இத்தனை நாளா டயாலிசிஸ் ஆகல"ன்னு சொல்லுங்க. வண்டி வர முடியலன்னா மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, படகு ஏற்பாடு அவங்க மூலமா. தண்ணி ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க பஞ்சாயத்துலயும் விஏஓகிட்டயும் வீட்ல டயாலிசிஸ் நோயாளி இருக்கார்னு சொல்லி வைங்க.

வீட்டை விக்கறது பத்தி டாக்டரா நான் சொல்ல ஒண்ணுதான் இருக்கு, மழை பயத்துல இந்த மாசம் அந்த முடிவு எடுக்காதீங்க. உங்களுக்கு சிக்கல் வருஷத்துல சில வாரம், அதுக்கு வழி குரோம்பேட்டைல இருக்கு. நீண்ட நாளைக்கு யோசிக்கறதா இருந்தா, வயித்து வழியா வீட்லயே பண்ற சிஏபிடி டயாலிசிஸ் அப்பாவுக்கு ஒத்துவருமான்னு கேட்டு பாருங்க. டயாலிசிஸ் திரவம் இருக்கற பைகளை கையாலயே மாத்தறது, கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஆனா சுத்தம் ரொம்ப முக்கியம், பைகள் ஸ்டாக் இருக்கணும், எல்லாருக்கும் பொருந்தாது.

வர்ற செவ்வாய்க்கிழமை போறப்போ சென்டர்ல ஒரு பக்க சம்மரி கேளுங்க, டிரை வெயிட் (சேர்ந்த தண்ணியை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), டயலைசர் (ரத்தத்தை வடிகட்டற ஃபில்டர்), ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்க போடற மருந்து) டோஸ், கடைசி ரத்த ரிப்போர்ட், மாத்திரை லிஸ்ட் எல்லாம் அதுல இருக்கணும். ஒரு காப்பி பிளாஸ்டிக் கவர்ல அப்பா பைல, ஒண்ணு மாமனார் வீட்ல, போட்டோ எடுத்து உங்க போன்லயும் அண்ணன் போன்லயும். அன்னைக்கு சாயங்காலமே மனைவியோட போய் மாமனாரைப் பாருங்க.